அறுவை சிகிச்சைக்கு முன் அரை மணி நேரம்

வீட்டில் ஒருவருக்குப் பெரிய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றால் நாம் முதலில் என்ன சொல்கிறோம்? "பேசாமல் படுத்திருங்கள், ஒரு வேலையும் செய்ய வேண்டாம்" என்கிறோம். கடைக்குப் போவதை நிறுத்துகிறோம். மாடிப்படி ஏற விடுவதில்லை. எல்லாம் அன்பினால்தான். ஆனால் அந்த அன்பு நோயாளிக்கு உதவியாக இருக்கிறதா, இடைஞ்சலாக இருக்கிறதா? இதற்கு விடை காண மருத்துவ உலகத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரு காலத்தில் மருத்துவர்களும் நம்மைப் போலத்தான் நினைத்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். 1899ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் எமில் ரீஸ் என்ற மருத்துவர், நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி நடக்க வைக்கலாம் என்று எழுதினார். அவர் பேச்சு எடுபடவில்லை. அதை மாற்றியது இரண்டாம் உலகப் போர். மருத்துவமனைகளில் கட்டில் போதவில்லை, தாதியரும் போதவில்லை. நோயாளிகளைச் சீக்கிரம் எழுப்ப வேண்டிய கட்டாயம் வந்தது. எழுந்து நடந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். 1947இல் பிரிட்டிஷ் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்.

இதற்கிடையில் இன்னொரு துறையும் வளர்ந்து வந்தது. 1894இல் லண்டனில் நான்கு தாதியர் ஒன்றுகூடி, உடல் பிடித்துவிடும் பயிற்சி பெற்ற பெண்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1920இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. இன்று நாம் பிசியோதெரபி என்று சொல்லும் இயன்முறை மருத்துவத்துக்குப் பிரிட்டனில் அதுதான் தாய்ச்சங்கம். முதல் உலகப் போரில் நெஞ்சில் காயம்பட்ட வீரர்களுக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அந்த அனுபவம் 1915இலேயே லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது.

மூச்சுப் பயிற்சிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? 1910இல் லண்டன் மருத்துவர் வில்லியம் பாஸ்டர் ஒன்றை எடுத்துக்காட்டினார். வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு, கத்தியே படாத நுரையீரலில் ஒரு பகுதி காற்றில்லாமல் சுருங்கிப்போகிறது என்றார். காரணம் இதுதான். மயக்க மருந்தில் நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்று சரியாகப் போவதில்லை. கண் விழித்த பிறகு தையல் வலிக்கிறது. வலிக்குப் பயந்து நோயாளி மேலோட்டமாக மூச்சு விடுகிறார், இருமலையும் அடக்குகிறார். சளி தேங்குகிறது. அது நிமோனியாவில் கொண்டுபோய் விடுகிறது. அறுவை சிகிச்சை வெற்றி என்று மருத்துவர் சொன்ன பிறகும் சிலருக்கு உயிராபத்து வருவது இப்படித்தான்.

சரி, பயிற்சியை எப்போது கொடுப்பது? 1954இல் சுவீடனைச் சேர்ந்த மருத்துவர் தோரேன் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. பித்தப்பை அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களை அவர் மூன்று பிரிவாக ஒப்பிட்டார். பயிற்சியே பெறாதவர்களில் 100க்கு 42 பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மட்டும் பயிற்சி பெற்றவர்களில் அது 27. முன்னும் பின்னும் பயிற்சி பெற்றவர்களில் வெறும் 12.

யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயம் இல்லை. வலியும் மயக்கமும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் நேரத்தில் யாரால் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள முடியும்? வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது. இருந்தும், இயன்முறை மருத்துவர் நோயாளியை முதன்முதலில் பார்ப்பதே அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் என்ற வழக்கம் பல மருத்துவமனைகளில் நீடித்தது.

அதை மீண்டும் கேள்வி கேட்டவர் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர் அயந்தி போடன். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 441 பேரிடம் அவருடைய குழு நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. எல்லாருக்கும் ஒரு விளக்கக் கையேடு கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக ஒரே ஒரு முறை, 30 நிமிடம், நுரையீரல் ஏன் பாதிக்கப்படுகிறது, கண் விழித்ததும் எப்படி மூச்சு விட வேண்டும் என்று நேரில் கற்றுக்கொடுத்தார்கள். கையேடு மட்டும் பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. கற்றுக்கொண்டவர்களில் அது 12 விழுக்காடு. விலை உயர்ந்த கருவி இல்லை, புது மருந்தும் இல்லை. அரை மணி நேரப் பேச்சும் பயிற்சியும் செய்த வேலை அது.

மூச்சோடு இந்தக் கதை நிற்கவில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் இதய பைபாஸ் சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களில் நுரையீரல் ஆபத்து அதிகம் உள்ள 279 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினர் குறைந்தது இரண்டு வாரமாவது மூச்சுத் தசைகளுக்குத் தினமும் பயிற்சி செய்தார்கள். 2006இல் முடிவு வெளிவந்தது. சிக்கல் 35 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது.

கனடாவின் மோன்ட்ரியல் நகரில் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 77 பேருக்கு உடற்பயிற்சி, புரதச்சத்து, மனத்தளர்வுப் பயிற்சி மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு அறுவை சிகிச்சைக்கு நான்கு வாரம் முன்பே தொடங்கியது, மற்றது பிறகு தொடங்கியது. திட்டம் ஒன்றுதான், தொடங்கிய நாள் மட்டுமே வேறு. எட்டு வாரம் கழித்து நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். முன்பே தொடங்கியவர்களில் 84 விழுக்காட்டினர் பழைய நடைத்திறனை எட்டியிருந்தார்கள். பிறகு தொடங்கியவர்களில் 62 விழுக்காட்டினர். இது வெளிவந்தது 2014இல்.

சிங்கப்பூரிலும் இந்த முயற்சி உண்டு. யீஷூனில் உள்ள கூ டெக் புவாட் மருத்துவமனை, உடல் தளர்ந்த முதியவர்களைப் பெருங்குடல் அறுவை சிகிச்சைக்கு முன்பே பயிற்சியாலும் உணவாலும் தேற்றி அனுப்பிய அனுபவத்தை 2016இல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். விபத்து, குடல் வெடிப்பு போன்ற அவசர சிகிச்சைக்குக் காத்திருக்க நேரமில்லை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் தாங்களாகவே எதையும் தொடங்கக்கூடாது. யாருக்கு எவ்வளவு பயிற்சி என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் கேட்பது நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை வீட்டில் யாருக்காவது நாள் குறித்தால், மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். அதுவரை இவர் எவ்வளவு நடக்கலாம்? என்ன சாப்பிட வேண்டும்? இயன்முறை மருத்துவரை இப்போதே பார்க்க முடியுமா? பிறகு வீட்டுக்கு வந்து, "படுத்திருங்கள்" என்று சொல்வதற்குப் பதிலாக, "வாங்க, நானும் கூட வருகிறேன், கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்" என்று சொல்லுங்கள்.