மஞ்சா: கண்டியைத் தொட்டுச் சென்ற ஒரு தாளம்

கண்டியில் கலியாண விருந்து முடியும் நேரம் வாத்தியக் குழு பைலாவுக்கு மாறும். அதுவரை கதிரையை விட்டு எழும்பாத பெரியவர்களும் எழும்பி ஆடுவார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று எல்லோரும் தங்களுடையதாக நினைக்கும் தாளம் அது. அதன் ஒரு வேர் போர்த்துக்கேயருடையது. மற்ற வேர், அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கருடையது. முதல் வேரைப் பற்றிப் பேசும் நாம் இரண்டாவதை மறந்துவிட்டோம்.

மொசாம்பிக் முதலான கிழக்காபிரிக்கக் கரைகளில் பிடிக்கப்பட்டவர்களைப் போர்த்துக்கேயர் கோவா வழியாக இலங்கைக் கோட்டைகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஒல்லாந்தரும் ஆபிரிக்கரைக் கொண்டுவந்தார்கள். காப்பிரிகள் என்று அழைக்கப்பட்ட இவர்கள் கரையோரத்தோடு நிற்கவில்லை. 1660இல் மூதூர்ப் பக்கம் சிறைபிடிக்கப்பட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்த ரொபர்ட் நொக்ஸ் தன் நூலில் இவர்களைக் குறிப்பிடுகிறார். அரசன் இரண்டாம் இராஜசிங்கன் தன் சொந்தக் குடிகளைவிட ஆபிரிக்கக் காவலரை அதிகம் நம்பினானாம். பள்ளியறை வாசலில் நின்றவர்கள் அவர்கள்தான். அரசன் சிலகாலம் தங்கியிருந்த நிலம்பை, கண்டி நகரத்துக்குத் தெற்கே இன்றும் இருக்கிறது.

1803 ஜூனில், மகாவலி கங்கைக் கரையில் வட்டப்புளுவவில் மேஜர் டேவியின் பிரித்தானியப் படை அழிந்தது. அன்றும் கண்டி அரசன் பக்கத்தில் ஆபிரிக்க வீரர்கள் இருந்ததை அக்காலப் பிரித்தானியக் குறிப்புகள் சொல்கின்றன. அதே ஆண்டுகளில் பிரித்தானியரும் கோவாவிலிருந்து ஆபிரிக்க அடிமைகளை விலைக்கு வாங்கித் தங்கள் படையில் சேர்த்தார்கள். 1815இல் கண்டியைப் பிடித்த படையிலும் ஆபிரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்கள். யாரோ இருவரின் சண்டைக்காக இரண்டு பக்கமும் ஒரே கண்டத்துப் பிள்ளைகள் நிறுத்தப்பட்டார்கள்.

1873இல் சிலோன் ரைபிள்ஸ் படை கலைக்கப்பட்டது. அந்தப் படையிலிருந்த ஆபிரிக்கர் பலர் புத்தளத்தில் தங்கி, உப்பளங்களில் வேலைக்குப் போனார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழ்கிறார்கள். வீட்டில் பேசுவது சிங்களம், வணங்குவது கத்தோலிக்கத் தேவாலயத்தில். முன்னோர் பேசிய போர்த்துக்கேயக் கிரியோல் மொழி பாட்டில் மட்டும் தங்கியிருக்கிறது. அந்தப் பாட்டுக்குப் பெயர் மஞ்சா.

மஞ்சா பாட மேடை தேவையில்லை. ஒருவர் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை ஒன்றோடொன்று தட்டுவார். இன்னொருவர் கண்ணாடிப் போத்தலில் கரண்டியால் தாளம் போடுவார். பக்கத்தில் ரபானும் மத்தளமும் சேரும். பாட்டு மிக மெதுவாகத் தொடங்கும். சில வரிகளே திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடும். உட்கார்ந்து பாடியவர்கள் ஒவ்வொருவராக எழும்புவார்கள். இடுப்பும் தோளும் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, முடிகிறபோது கூட்டமே ஆடிக்கொண்டிருக்கும். பாடுகிறவர்களில் பலருக்கு வரிகளின் முழு அர்த்தம் தெரியாது. ஆனாலும் ஒரு அசை பிசகாது.

இந்தத் தாளத்தின் சொந்தக்காரர்கள் மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளிலும் உண்டு. அங்கே கலியாணத்தில் வயலினோடு கஃப்ரிஞ்ஞா என்ற நடனம் ஆடுவார்கள். 1940களில் பொலிஸ்காரரான வொலி பஸ்தியன் அதே ஆறெட்டுத் தாளத்தில் சிங்கள வரிகளை ஏற்றி பைலாவை நாடறியச் செய்தார். பைலாவின் துள்ளல் தமிழ்ப் பொப்பிசைக்கும் வந்தது. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து தமிழகத்துத் தெருக்களிலும் ஒலித்தது. அங்கே அதற்குக் கை தட்டியவர்களுக்கு மொசாம்பிக் எங்கே தெரியப்போகிறது?

இப்படி மறக்கப்பட்ட கதைகளை மற்ற இடங்களில் படமாக்கியிருக்கிறார்கள். ஆபிரிக்கரின் வரலாற்றை அவர்களின் வழித்தோன்றல்களே சொல்ல வேண்டும் என்ற உறுதியோடு வந்த சுயாதீன ஆவணப்படம் '500 இயர்ஸ் லேட்டர்'. ஓவன் அலிக் ஷஹாடா இயக்கி 2005இல் வெளியான அந்தப் படம், அடிமை முறை விட்டுச்சென்ற காயங்களைக் கண்டம் கண்டமாகத் தேடிப் போனது. குஜராத்தில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களான சித்தி மக்களின் இசையை, ஆய்வாளர்களான நசீர் ஜைராஸ்போயும் ஏமி கேட்லினும் 2003இல் படமாக்கினார்கள். நம் தீவின் கதையும் அப்படிப்பட்ட முழுமையான பதிவுக்குத் தகுதியானது. அதைத் தமிழிலும் சொல்ல வேண்டும்.

பாட்டை அரசாங்கம் காப்பாற்றவில்லை, படையும் காப்பாற்றவில்லை. தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததால்தான் அது பிழைத்தது. அந்தத் தாய்மாருக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. பேராதனையில் வரலாறு படிக்கும் பிள்ளைகளே, கண்டியில் கமரா வைத்திருக்கும் இளைஞர்களே, நிலம்பையில் தொடங்குங்கள், வட்டப்புளுவவைப் பாருங்கள், பிறகு புத்தளம் பஸ் ஏறுங்கள். சிறாம்பியடியில் முதலில் பேச வேண்டியவர்கள் அந்த மக்கள்தான். நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.