கன்ஹேரியின் நீர்த்தொட்டிகள்

மும்பை நகர எல்லைக்குள், போரிவலிக் காட்டின் நடுவே, கன்ஹேரிக் குன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குடைவரைகள் உள்ளன. கருங்குன்றம் எனப் பொருள்படும் கிருஷ்ணகிரி என்பதன் திரிபே கன்ஹேரி. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் துறவியர் இங்கு வாழ்ந்தனர். உலகை விட்டு ஒதுங்கிய வனவாசமாக இதனைக் கருதுவது பொதுவழக்கு. கல்வெட்டுகள் காட்டும் சித்திரம் வேறு.

கொங்கணத்தில் மழை நான்கு மாதங்களே பெய்யும். எஞ்சிய எட்டு மாதங்களும் பிக்குகள் குன்றில் தங்க வேண்டுமாயின் மழைநீரைத் தேக்கியாக வேண்டும். ஆகவே பாறைச் சரிவில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. குகைகளின் வாயிலருகே தொட்டிகள் குடையப்பட்டன. இவற்றைக் கொடையாக அளித்தோருள் கல்யாண், சோபாரா ஆகிய துறைமுக நகரங்களின் வணிகரும் பொற்கொல்லரும் இருந்தனர். 'தேயதம்மம்', அதாவது அறக்கொடை, என்றே கல்வெட்டுகள் அதனைக் குறிக்கின்றன.

இத்தகைய தொட்டிக் கல்வெட்டு ஒன்று அரசியல் வரலாற்றுக்கும் முதன்மைச் சான்றாகும். அமைச்சர் சதேரகரின் கொடையைப் பதியும் அது, சாதவாகன மன்னன் வாசிட்டிபுத்திர சாதகர்ணியின் தேவியை மகாக்ஷத்ரபர் ஒருவரின் மகள் என்கிறது. தந்தையின் பெயரில் 'ரு' என்னும் முதலெழுத்து மட்டுமே எஞ்சியுள்ளது. அவர் உருத்திரதாமன் என்பது அறிஞர் பலரின் துணிபு. பொ.ஆ. 150 அளவில் பொறிக்கப்பட்ட ஜுனாகத் கல்வெட்டில், சாதகர்ணியை இருமுறை வென்றும் உறவு கருதி அழிக்காது விட்டதாக உருத்திரதாமன் கூறுகிறான். அக்கல்வெட்டின் நோக்கமும் புயலில் உடைந்த சுதர்சன ஏரியைச் செப்பனிட்டதைப் பதிவதே. பகைகொண்ட இரு குலங்களின் மணவுறவை இன்று நாம் அறிவது நீர்ப்பணி பற்றிய இரு பதிவுகளால்தான்.

அக்காட்டின் நீர் இன்றும் நகரை விட்டு நீங்கவில்லை. அதனுள் 1860இல் விஹார் ஏரியும், 1879இல் துளசி ஏரியும் மும்பையின் குடிநீருக்காக அமைக்கப்பட்டன. விஹார், பவாய் ஏரிகளின் மிகைநீரே மீட்டி ஆறாகிக் குர்லாவையும் தாராவியையும் கடந்து மாஹிமில் கடலை அடைகிறது. ஆயினும் அதே நகரின் கோவண்டியில் குடிநீரை விலைகொடுத்து வாங்கும் குடும்பங்கள் உள்ளன. அவர்களுள் தமிழரும் அடங்குவர்.

கன்ஹேரியைச் சிற்பங்களுக்காக மட்டும் காண்போர் தொட்டிகளைக் கடந்து சென்றுவிடுகின்றனர். பொற்கொல்லர் ஒருவர் தம் பொருளைத் தாம் அருந்தாத நீருக்காகச் செலவிட்டார் என்பதும் இந்நகரின் வரலாறே.