நாகைக் கடற்கரையில் ஒரு விகாரம்

கீழ்க்கட்டளையில் குடியிருப்பவனுக்கு நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தைக் காண ஆசை வந்தால் என்ன செய்வது? பல்லாவரம் சென்று மின்சார ரயிலேறி, எழும்பூரில் இறங்கி, அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியதுதான். நானும் அதைத்தான் செய்தேன். நாகைக்குப் போய்ப் பயனில்லை. அங்கே விகாரம் இல்லை.

'பொன்னியின் செல்வன்' படித்த நேயர்களுக்கு இது கசக்கும். ஜுரத்தில் கிடந்த அருள்மொழிவர்மரைப் பிக்ஷுக்கள் காப்பாற்றிய இடமாயிற்றே! ஆனால் செப்பேடு சொல்லும் விகாரம், அருள்மொழி ராஜராஜனாகி முடிசூடிய பிறகு எழுந்தது. கல்கி காலத்தைச் சற்றே முன்னுக்கு இழுத்துவிட்டார். கதை எழுதிப் பிழைக்கும் நான் அதைக் குற்றம் என்று சொல்வேனா?

கடலுக்கு அப்பாலிருந்த ஸ்ரீவிஜய மன்னன் சூளாமணிவர்மன் தொடங்கிய திருப்பணி அது. அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்து வைத்தான். 'சிவபாதசேகரன்' என்று பெயர் பூண்ட ராஜராஜன், தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஆம் ஆண்டு வாக்கில், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைப் புத்தருக்குக் கொடுத்தான். எண்ணாயிரத்துச் சொச்சம் கலம் நெல்! எல்லை காட்ட ஒரு பெண் யானையை நடக்கவிட்டு, அது போன வழியெல்லாம் கல்லும் கள்ளியும் நட்டார்கள். அதன் பின்னால் ஊர்ப் பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடியிருக்க மாட்டார்களா?

வாய்மொழியாகத் தந்தை சொன்னதைச் செப்பேட்டில் பொறித்தவன் ராஜேந்திரன். 1025-இல் கப்பற்படை அனுப்பி ஸ்ரீவிஜய மன்னனைச் சிறைப்பிடித்தவனும் அவனேதான்! அத்தனைக்கும் பிறகு, 1090-இல் முதற் குலோத்துங்கன் அதே விகாரத்துக்குரிய உரிமைகளை மீண்டும் செப்பேட்டில் உறுதி செய்தான். ராஜேந்திரனுடைய 21 ஏடுகளும் குலோத்துங்கனுடைய 3 ஏடுகளும் ஹாலந்து தேசத்து லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்து, அந்த ஊரின் பெயரையே பெற்றுவிட்டன.

நாகையில் எஞ்சி நின்றது ஒரு செங்கல் கோபுரம். 1846-இல் வால்டர் எலியட் அதைக் கண்டபோது மூன்று நிலைகள் இருந்தன. மாலுமிகளுக்கு அது கரை காட்டும் அடையாளம். சோழரும் ஸ்ரீவிஜயரும் மோதியபோது பிழைத்த பௌத்தச் சின்னம், 1867-இல் ஒரு காகிதத்தின் முன் வீழ்ந்தது. அரசாங்க அனுமதி பெற்றுக்கொண்டு இயேசு சபைப் பாதிரிமார் அதை இடித்தார்கள். கோபம் வருகிறது, அந்த அனுமதியில் கையெழுத்திட்டவர் மீதுதான் அதிகமாக.

1856 முதல் அந்த மண்ணில் சுமார் 350 பௌத்த வெண்கலங்கள் கிடைத்தன. எழும்பூரில் கண்ணாடிக்குப் பின்னால் நான் பார்த்த புத்தர் மிகச் சிறியவர். உச்சியில் தீச்சுடர்; முகத்தில் மெல்லிய சிரிப்பு. காவலாளி வந்து, "நேரமாச்சு, சார்" என்றார்.