பேப்பர் எழுத்து தெரிகிறதா?

சிங்காரப்பேட்டையில் இருக்கும் கிட்னி நோயாளி ஒருவர், டயாலிசிஸுக்காக வாரம் மூன்று தடவை வேலூருக்கோ ஓசூருக்கோ பஸ் ஏறினால் பிழைப்பு என்னாவது? அவரைப் போன்றவர்களுக்குத் தோதான வைத்தியம் ஒன்று உண்டு. வயிற்றில் குழாய் வைத்து, திரவத்தை ஏற்றி, சில மணி நேரம் ஊறவிட்டு இறக்குவது. வயிற்றின் உள்சவ்வுதான் வடிகட்டி. எவ்வளவு ஏற்றினோம், எவ்வளவு இறங்கியது என்று நோட்டில் வரவு செலவு எழுதவேண்டும். பி.காம். படித்த எனக்குப் புரிந்த ஒரே மருத்துவம்!

இதன் பூர்வகதை வேடிக்கை. 1740-களில் வாரிக் என்ற ஆங்கிலேய சர்ஜன், மகோதரம் கண்ட ஒரு பெண்மணியின் வயிற்றில் தண்ணீரோடு ஒயினையும் கலந்து ஏற்றினார். குணமானதாக எழுதியும் வைத்தார். 1923-ல் ஜெர்மனியின் கான்டர், கிட்னி பழுதான மனிதர்களிடம் முயன்றார். 1968-ல் டென்காஃப் நல்ல குழாய் தந்தார். 1976-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் என்ஜினீயர் பொபோவிச்சும் டாக்டர் மான்க்ரீஃபும் இன்றைய முறைக்கு வழி போட்டார்கள்.

ஆனால், வில்லன் கிருமி. அப்போது திரவம் கண்ணாடி பாட்டிலில் வந்தது. மாற்றி மாட்டும்போதெல்லாம் கிருமி உள்ளே நுழைந்து, ஏறக்குறைய பத்து வாரத்துக்கு ஒரு தரம் வயிறு சீழ் பிடித்தது. டொரன்டோவில் ஒரியோபுலோஸ் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்த பிறகுதான் மூச்சு வந்தது.

கிருமி வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? முதல் லேபரட்டரி, வீட்டிலேயே இருக்கிறது. இறங்கிய பையைச் செய்தித்தாள் மேல் வையுங்கள். எழுத்து மங்கினால், உடனே ஆஸ்பத்திரி. அங்கே ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணு நூறைத் தாண்டி, அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்றால் கிருமிதான் என்று சந்தேகம் பலப்படும்.

எந்தக் கிருமி? அதற்குத்தான் கல்ச்சர். ஐம்பது மில்லியைச் சுழற்றி, அடியில் தங்கும் வண்டலையும் எடுப்பார்கள். ரத்தக் கல்ச்சர் பாட்டிலிலும் திரவத்தை விடுவார்கள். பை நிறைய நீரில் நாலைந்து கிருமிகள் ஒளிந்திருந்தால், சாதாரணத் தட்டில் முளைக்காது சார்! சாம்பிள் எடுத்த கையோடு மருந்தை ஆரம்பித்துவிடுவார்கள், ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பதில்லை.

இந்த வரிசை மாறும்போதுதான் வம்பு. வயிறு வலிக்கிறதே என்று முக்குக்கடை மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிவிட்டு பஸ் ஏறுவார் நம்மவர். மூன்று நாள் கழித்து ரிப்போர்ட் வரும்: ‘கிருமி வளரவில்லை’. கிருமி போய்விட்டது என்று அவர் சந்தோஷப்படுவார். எந்த மருந்தைத் தொடர்வது என்று தெரியாமல் டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்.