பக்கிங்காம் கால்வாய்: பறக்கும் ரயிலுக்கு அடியில் ஒரு படகுப் பாதை

மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறுபவர்கள் கீழே ஓடும் கால்வாயைப் பார்த்தால் மூக்கைத்தான் பொத்துவார்கள். ஆனா ஒரு காலத்தில் அதுதான் நெடுஞ்சாலை. ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை கடற்கரையை ஒட்டியே சுமார் 420 கிலோமீட்டர் படகில் போகலாம்.

இதை ஒரே மூச்சில் யாரும் வெட்டவில்லை. 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை முதல் துண்டை வெட்டினார். 1837-ல் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கிலும் தெற்கிலும் துண்டு துண்டாக நீண்டது. கடல் ஏற்றவற்றத்தால் ஆறுகளின் நீர்மட்டம் மாறுமல்லவா? அதனால் ஆறுகளைக் கடக்கும் இடங்களில் இரட்டைக் கதவு வைத்த அடைப்புகள் கட்டினார்கள். படகை உள்ளே விட்டு, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த பக்கம் அனுப்புவார்கள். கரையில் ஓர் ஆள் கயிறு கட்டி இழுப்பார், படகில் ஒருவர் கழி ஊன்றித் தள்ளுவார், காற்று வாகாக இருந்தால் பாய் விரிப்பார்கள். வேகம் குறைவுதான். ஆனால் விறகு, உப்பு, நெல் மாதிரி கனமான சரக்குக்கு மாட்டுவண்டியை விட மலிவு.

ஒரே குறை, ஊருக்கு நடுவே கூவத்துக்கும் அடையாறுக்கும் இணைப்பு இல்லை. சுமார் 8 கிலோமீட்டர் இடைவெளி. அதை நிரப்பியது தாது வருஷப் பஞ்சம். 1877-78-ல், பட்டினியிலிருந்து தப்ப வேலை தேடி வந்தவர்களை வைத்து அந்தத் துண்டை வெட்டினார்கள். 1877 தொடக்கத்தில் பஞ்ச வேலைத் தளங்களில் ஆண் ஒருவருக்கு நாள் கூலி எவ்வளவு தெரியுமா? ஒரு பவுண்டு தானியம் வாங்கும் காசும் ஓர் அணாவும். ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தது. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டுகிறவனுக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். கால்வாய்க்கு வைத்த பெயர் என்னவோ அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனுடையது.

1899-ல் விஜயவாடா - சென்னை ரயில் பாதை வந்த பிறகும் படகுகள் உடனே நிற்கவில்லை. 1934-ல் பாரதிதாசன் நண்பர்களோடு மாமல்லபுரம் போனது இந்தக் கால்வாயில், படகில்தான். 'மாவலிபுரச் செலவு' என்ற அவருடைய கவிதை அந்தப் பயணத்தைப் பற்றியது. லாரிகள் பெருகின, 1965, 66 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன, தூர் வாருவதும் குறைந்தது. ஊர்ச் சாக்கடை மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது.

அப்புறம் வந்தது பறக்கும் ரயில். நெரிசலான ஊரில் நிலம் கையகப்படுத்துவது பெரிய தலைவலி. கால்வாயோ அரசு நிலம், வழக்குப் போட ஆள் இல்லை. தூண்களைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கினார்கள். 1995-ல் சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி வரை ரயில் போனது. பஞ்சத்தில் வெட்டிய அதே 8 கிலோமீட்டரில்தான் இன்று தூண்கள் வரிசையாக நிற்கின்றன.

2008-ல் இந்தக் கால்வாயைத் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவித்தார்கள். காகிதத்தில் நீர்வழி, நடுவில் தூண்!

பாதை எங்கே போக வேண்டும் என்பதைப் பொறியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. அன்றைக்கு எது மலிவு என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. 1877-ல் மனித உழைப்பு மலிவாகக் கிடைத்தது, கால்வாய் வந்தது. நூறு வருஷம் கழித்துக் கால்வாயே மலிவாகக் கிடைத்தது, ரயில் வந்தது. ரயில் தேவைதான், நானும் போகிறேன். ஆனா மழைக்காலத்தில் வெள்ளம் வடிய வேண்டிய வழியும் இதுதான். அந்த மலிவுக்கான பில், ஒவ்வொரு டிசம்பரிலும் கரையோரக் குடிசைகளுக்குத்தான் முதலில் போகிறது.