வாந்தூ மலையில் விழுந்த வீரர்

1967 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13 ஆம் நாள். பிரான்சு நாட்டின் தென்பகுதியில் கடுங்கோடை. அந்நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயமான 'டூர் டி பிரான்சு' அன்று மார்செய் நகரிலிருந்து கார்ப்பந்த்ரா நகரை நோக்கிப் புறப்பட்டது. தொலைவு ஏறத்தாழ 211 கிலோமீட்டர். வழியில் 1,900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள வாந்தூ மலையை ஏறிக் கடக்கவேண்டும். அம்மலையின் மேற்பகுதியில் மரமில்லை, நிழலில்லை. வெண்ணிறச் சுண்ணாம்புக் கற்களே எங்கும் பரவிக் கிடக்கின்றன. வெயில் மேலிருந்து தாக்கும். கற்களில் பட்டுக் கீழிருந்தும் தாக்கும். அன்றைய வெப்பநிலை 40° செல்சியசைத் தாண்டியிருந்தது.

உச்சியை அடைய இன்னும் சிறிது தொலைவே இருந்தபோது, பிரிட்டிஷ் அணித் தலைவர் டாம் சிம்சனின் வண்டி சாலையில் இப்புறமும் அப்புறமும் தள்ளாடியது. அவர் விழுந்தார். தம்மை மீண்டும் வண்டியில் ஏற்றிவிடுமாறு உதவியாளரை வேண்டினார். ஏற்றிவிட்டனர். சில நூறு மீட்டர் சென்றதும் மறுபடியும் சாய்ந்தார். கைப்பிடியை இறுகப் பற்றியிருந்த அவருடைய விரல்களைப் பிரித்தெடுத்துத்தான் இறக்கவேண்டியிருந்தது. பந்தய மருத்துவர் பியேர் துய்மா முதலியோர் செயற்கைச் சுவாசம் அளித்தனர். ஹெலிகாப்டரில் அவிஞோன் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். மாலை 5.40 மணிக்கு அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. வயது 29.

அவருடைய சட்டைப் பையில் மூன்று மாத்திரைக் குழல்கள் இருந்தன. இரண்டு காலி, ஒன்றில் பாதி மிச்சம். அவற்றில் இருந்தது ஆம்பிடமின் என்னும் ஊக்க மருந்து.

இச்சாவுக்கு யார் பொறுப்பு?

வீரரும் அவர் வாழ்க்கையும்

சிம்சன் இங்கிலாந்தின் டர்ஹாம் வட்டாரத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 1962 இல் டூர் பந்தயத்தின் மஞ்சள் சட்டையை அணிந்த முதல் பிரிட்டிஷ் வீரர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது. 1965 இல் உலகச் சாம்பியன் ஆனார்.

ஆனால் தொழில்முறை வீரருக்குப் புகழ் வேறு, வருவாய் வேறு. டூர் பந்தயத்தில் நல்ல இடம் பிடித்தால்தான் அதன்பின் ஊர்தோறும் நடக்கும் சிறு பந்தயங்களுக்கு நல்ல ஊதியத்துடன் அழைப்பு வரும். அடுத்த ஆண்டு ஒப்பந்தமும் அதைப் பொறுத்ததே. 1967 இல் அவர் ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலேயே வயிற்றுக் கோளாறால் நலிந்திருந்தார். ஆயினும் 13 ஆம் நாள் காலையில் ஏழாம் இடத்தில் இருந்தார். விலகிவிட அவருக்கு மனம் வரவில்லை. தொழிலும் இடம் தரவில்லை.

மருந்து செய்த வேலை

ஆம்பிடமின் முதன்முதலாக 1887 இல் ருமேனிய வேதியியலார் எடெலியானு என்பவரால் உருவாக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் களைப்பைப் போக்குவதற்காகப் படைவீரர்களுக்கு வழங்கப்பட்டது. போருக்குப் பின் பந்தயக் களத்துக்கும் வந்து சேர்ந்தது.

இம்மருந்து தசைக்குப் புதிய ஆற்றல் எதையும் தருவதில்லை. மூளையில் டோபமின், நாரட்ரினலின் ஆகிய பொருள்களை மிகுதியாக வெளிப்படச் செய்து, களைப்பு என்னும் உணர்வை மட்டும் மறைக்கிறது. களைப்பு நமக்குப் பகையன்று. 'போதும், நிறுத்து' என்று உடல் விடுக்கும் எச்சரிக்கையே அது.

வெயில் நாளில் இந்த ஏமாற்று இன்னும் கொடியது. நாம் மிதிக்கும்போது தசை செலவிடும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மீதி முழுவதும் வெப்பம். அவ்வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவருவது இரத்தம், வெளியேற்றுவது வியர்வை. ஆம்பிடமின் தோலின் இரத்த நாளங்களைச் சுருக்குகிறது. உடலில் உண்டாகும் வெப்பத்தையும் பெருக்குகிறது. குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்த கதைதான். இதே வகையில் டோபமினைப் பெருக்கும் வேறொரு மருந்தை மிதிவண்டி வீரர்களுக்குக் கொடுத்து 30° வெப்பத்தில் ஆய்வு செய்தனர். அவர்கள் விரைவாக ஓட்டினர். உடலின் உள்வெப்பம் 40° ஐத் தாண்டியது. ஆனால் கூடுதலாக வருந்துவதாக அவர்கள் உணரவேயில்லை. 2008 இல் வெளியான இம்முடிவு வாந்தூ மலையில் நடந்ததை நமக்கு விளக்குகிறது.

சிம்சன் அன்று வழியில் சிறிது பிராந்தியும் அருந்தியிருந்தார். மதுவும் உடலிலிருந்து நீரை வெளியேற்றும்.

சான்றிதழில் கையெழுத்திட மறுத்தவர்

மருத்துவர் துய்மா அடக்கம் செய்வதற்கான சான்றிதழில் கையெழுத்திட மறுத்தார். இது பெரிய செயல். அவர் கையெழுத்திட்டிருந்தால் வெயிலால் நேர்ந்த சாவு என்று கோப்பு மூடப்பட்டிருக்கும். பிண ஆய்வில் உடலில் ஆம்பிடமினும் மதுவும் இருந்தது தெரியவந்தது.

ஆய்வறிஞர்களின் கருத்து கவனிக்கத் தக்கது. சாவுக்குக் காரணம் கடும் களைப்பினால் இதயம் நின்றது. உட்கொண்ட ஆம்பிடமின் அளவு தனியாக உயிரைப் போக்கப் போதுமானதன்று. ஆனால் தம் வலிமையின் எல்லையைக் கடந்து செல்லுமாறு அவரைத் தூண்டியிருக்கக் கூடும். அதாவது, மருந்து மட்டும் கொல்லவில்லை. வெயில் மட்டும் கொல்லவில்லை. மருந்து, வெயில், நீரிழப்பு, மிகை முயற்சி நான்கும் கூடிக் கொன்றன.

பழியைப் பங்கிடுதல்

அறிவியல் காரணங்களைச் சொல்லிவிட்டது. காரணம் வேறு, பொறுப்பு வேறு. பொறுப்பை நாம் ஒவ்வொருவராகப் பார்க்கவேண்டும்.

முதலில் சிம்சன். மாத்திரையை விழுங்கியவர் அவர். அது தடை செய்யப்பட்டது என்பதை அறிந்தவர். வளர்ந்த மனிதரின் செயலுக்கு அவர் பொறுப்பில்லை என்று கூறுவது அவரைச் சிறுபிள்ளையாக்குவதாகும்.

இரண்டாவது, பந்தய நிருவாகிகள். அன்றைய விதிப்படி ஒரு வீரருக்குக் கிடைத்தது நான்கு குப்பி நீர், அதாவது ஏறக்குறைய இரண்டு லிட்டர். பல மணி நேரம் வெயிலில் மிதிப்பவர் ஒரு மணிக்கே ஒரு லிட்டருக்கு மேல் வியர்வையாக இழப்பார். எனவே வீரர்கள் வழியிலுள்ள கடைகளில் புகுந்து கையில் அகப்பட்டதைக் குடித்தனர். மேலும், இதே மலையில் 1955 இல் மலேசாக் என்னும் பிரெஞ்சு வீரர் நினைவிழந்து விழுந்தார். அவரைப் பிழைக்க வைத்தவர் இதே துய்மாதான். எச்சரிக்கை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

மூன்றாவது, அரசும் சட்டமும். பிரான்சு 1965 இலேயே ஊக்க மருந்துத் தடைச் சட்டம் இயற்றியது. 1966 டூர் பந்தயத்தில் வீரர்களிடம் சோதனை நடத்தியபோது, மறுநாள் அவர்கள் வண்டியைவிட்டு இறங்கி நடந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். சட்டம் இருந்தது, அதை உறுதியாக நிறைவேற்றும் ஏற்பாடு இல்லை.

நான்காவது, சக வீரர்களும் உதவியாளர்களும். மருந்து உட்கொள்வது அக்களத்தில் அனைவரும் அறிந்த இரகசியம். ஊர் கூடித் தேர் இழுத்தால், தேர்க்காலில் ஒருவர் சிக்கியபோது வடம் பிடித்த எந்தக் கையைக் குற்றம் சொல்வது?

ஐந்தாவது, செய்தித்தாள்களும் நாமும். தம்மை வண்டியில் ஏற்றிவிடும்படி அவர் வேண்டியதை ஒரு வீர வாசகமாக்கி நாளிதழ்கள் பரப்பின. அவ்வாசகம், அங்கு இல்லாத செய்தியாளர் ஒருவரின் சொற்கள் என்று பின்னர் தெரிந்தது. சாகும்வரை போராடுபவனே வீரன் என்று கைதட்டும் கூட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு.

பின்னர் நடந்தது

அடுத்த ஆண்டு டூர் பந்தயத்தில் ஊக்க மருந்துச் சோதனை ஒழுங்காகத் தொடங்கியது. 1968 ஒலிம்பிக்கிலும் சோதனை வந்தது. ஆனால் சோதனைக்குழாய் வீரரின் சிறுநீரை மட்டுமே பார்த்தது. மாத்திரை கொடுத்தவரைப் பார்க்கவில்லை. 1998 இல் பெஸ்டினா அணியின் உதவியாளர் ஒருவர் வண்டி நிறைய மருந்துகளுடன் எல்லையில் பிடிபட்டபோதுதான், ஓர் அணியே முறையாக மருந்து வழங்கி வந்தது உலகுக்குத் தெரிந்தது. மறு ஆண்டு உலக ஊக்க மருந்துத் தடுப்பு முகமை தோன்றியது. தன் உடலில் உள்ள பொருளுக்கு வீரரே பொறுப்பு என்பது அதன் விதி. மருந்து கொடுப்பதும், விற்பதும், உடந்தையாயிருப்பதும் குற்றம் என்பதும் அதன் விதியே.

எனினும் கேள்வி ஓயவில்லை. 2019 ஜூலை முதல் நாள் அமெரிக்கப் பேஸ்பால் வீரர் டைலர் ஸ்காக்ஸ் விடுதி அறையில் இறந்து கிடந்தார். பெண்டனில், ஆக்சிகோடோன் ஆகிய மருந்துகளும் மதுவும் அவர் உடலில் இருந்தன. மருந்து வழங்கிய கழக ஊழியர் ஒருவருக்கு 2022 இல் 22 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கழகத்துக்கும் பொறுப்பு உண்டு என்று குடும்பத்தார் தனியே வழக்குத் தொடுத்தனர். வாந்தூ மலையில் எழுந்த அதே வினா!

பழி என்பது ஒருவர் தலையில் வைத்துவிட்டு நாம் நிம்மதியாகத் திரும்பும் சுமை. பொறுப்பு என்பது பகிர்ந்தாலும் குறையாத கடமை. சிம்சனை மட்டும் பழித்திருந்தால் நான்கு குப்பி விதி நீடித்திருக்கும். விதியை மட்டும் பழித்திருந்தால் மாத்திரைக் குழல் நீடித்திருக்கும். ஒரு சாவிலிருந்து பாடம் கற்க விரும்பும் சமுதாயம், 'குற்றவாளி யார்?' என்று ஒருமுறை கேட்டால், 'இதைத் தடுத்திருக்கக் கூடியவர்கள் யார் யார்?' என்று பலமுறை கேட்கவேண்டும்.

வாந்தூ உச்சிக்குச் சற்றுக் கீழே, அவர் விழுந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. மலையேறும் மிதிவண்டிக்காரர்கள் அங்கே நின்று தங்கள் தண்ணீர்க் குப்பிகளை அதனடியில் வைத்துச் செல்கின்றனர். அன்று அவருக்குப் போதுமான அளவு கிடைக்காதது அதுதான்.