வளரிளம் பருவத்தில் எபிடிடைமிஸ் நீர்க்கட்டி: அறுவைக்கு எதிரான ஒரு வாதம்

சிறுவனின் விரைப்பையில் வலியில்லாத சிறு உருண்டை தட்டுப்பட்டால், அறுத்து எடுத்துவிட்டால் நிம்மதி என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. விரையின் பின்புறம் ஒட்டியிருக்கும் விந்தணுக் குழாயான எபிடிடைமிஸில் வரும் நீர்க்கட்டியைப் பொறுத்தவரை அந்த நிம்மதி விலை மிகுந்தது. நோயைக் கண்டறிவதில் தாமதம் கூடாது. அறுவையில் அவசரம் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கட்டி இருக்கும் இடம்தான் முதல் தடயம். இந்த நீர்க்கட்டி பெரும்பாலும் விரையின் மேலோ பின்னோ, அதிலிருந்து தனித்து விரலுக்கு அகப்படும். விரையைச் சூழ்ந்து நீர் தேங்கும் ஹைட்ரோசீலில் விரையைத் தனியே தடவி உணர்வது கடினம். விரைப்பைச் சிரைகள் வீங்கும் வெரிகோசீல் பெரும்பாலும் இடப்புறம் வரும். நின்றால் புடைக்கும், படுத்தால் அடங்கும். ஆகவே சிறுவனை இரு நிலையிலும் பார்க்க வேண்டும். இருட்டறையில் டார்ச் அடித்தால் நீர்க்கட்டி ஒளி ஊடுருவிச் செந்நிறமாகத் தெரியும். ஹைட்ரோசீலும் அப்படியே தெரியும். உள்ளே இருப்பது நீர் என்பதற்கு மேல் அச்சோதனை எதையும் சொல்லாது. கட்டி விரைக்கு வெளியேதான் என்று உறுதிசெய்ய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டும். விரைக்குள்ளேயே இருந்தால் புற்றுநோயை விலக்கியாக வேண்டும். அதற்கு ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன், பீட்டா எச்.சி.ஜி. ஆகிய புற்றுக் குறியீடுகளுக்கான ரத்தப் பரிசோதனைகள் தேவைப்படும். அந்த ஐயம் இருக்கையில் விரைப்பை வழியே ஊசி குத்தலாகாது. திடீரெனக் கடும் வலி வந்தால், விரை முறுக்கம் இல்லை என்று தெளியும்வரை வேறெதையும் யோசிக்க நேரமில்லை. சுமார் 6 மணி நேரத்துக்குப் பின் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது.

சிகிச்சைக் கேள்வி உடற்கூற்றில் அடங்கியிருக்கிறது. விரையிலிருந்து புறப்படும் பத்துப் பன்னிரண்டு நுண்குழாய்கள் எபிடிடைமிஸின் தலைப்பகுதியில் சேர்ந்து ஒரே குழாயாகின்றன. நெருங்கிச் சுருண்ட அந்தக் குழாயை நீட்டினால் வளர்ந்த ஆணில் ஏறத்தாழ 6 மீட்டர் வரும். அதில் ஓரிடம் அறுபட்டாலும் அப்பக்கத்து விந்தணுப் பாதை முழுதும் அடைபடக்கூடும். சிறுவர்களின் கட்டிகளோ பல தாமாகவே சுருங்கி மறைபவை. தானாகப் போகக்கூடிய ஒன்றுக்காக மீளாத சேதத்துக்கு இடம் கொடுப்பது சரியான கணக்கல்ல. ஊசியால் உறிஞ்சினால் நீர் மீண்டும் சேரும். தழும்பூட்டும் மருந்தைச் செலுத்தினால் எபிடிடைமிஸே அழற்சியுறலாம்.

பெற்றோரின் பதற்றம் தணியாதே, கண்காணிப்புக்குச் சிறுவன் திரும்ப வராவிட்டால் என்ன செய்வது என்ற எதிர்வாதம் நியாயமானது. ஆனால் பதற்றத்துக்கு மருந்து விளக்கமே. அறுவைக்குப் பிறகும் வலி நீடிப்பதுண்டு என்பதையும் அவர்களிடம் சொல்லியாக வேண்டும். வேறு காரணம் காண முடியாத நீடித்த வலி, தொடர்ந்து பெருத்துத் தொல்லை தரும் கட்டி, அரிதாக நேரும் கட்டி முறுக்கம் ஆகியவையே அறுவைக்குத் தக்க காரணங்கள். மற்றவர்களுக்கு இடைவெளிவிட்டுப் பரிசோதனையும், தேவையானால் ஸ்கேனும் போதும். கூச்சத்தால் சிறுவன் மறைக்கக்கூடும் என்பதால், எந்த மாற்றம் தெரிந்தால் அன்றே வர வேண்டும் என்பதை அவனிடமே நேராகச் சொல்லிவிட வேண்டும். கத்தியைத் தள்ளிவைக்கும் மருத்துவருக்கு இந்தப் பொறுப்பு கூடுகிறது.